கை நனைக்காத பேச்சுவார்த்தை

கல்யாணம் பேசப் போன வீட்டில், பேச்சு முடிவதற்கு முன்னால் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறீர்களா? சாப்பிட்டிருந்தால் நீங்கள் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. காஞ்சிபுரத்தில் தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம், ரொம்ப வற்புறுத்தினால் ஒரு பஜ்ஜியைப் பிட்டு வாயில் போடலாம். இலையைக் கொண்டுவந்தால் எழுந்துவிட வேண்டும். சோற்றில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தமாகிவிடும். அப்புறம் மண்டபம் யார் செலவு, சாப்பாடு யார் செலவு என்று கேட்க வாய் வராது. வந்தாலும் குரல் ஒரு படி இறங்கித்தான் வரும்.

என் அம்மா இதில் பெரிய கை. எங்கள் தெருவில் பாதிக் கல்யாணம் அவள் பேசி முடித்தது. "அவன் ஊட்டு உப்பத் துன்னுட்டு அவன்கிட்டயே எப்டிடி கறாரா பேசுவே?" என்பாள்.

இந்தப் பழக்கத்தை நான் விமானக் கம்பெனியோடு நடந்த சம்பளப் பேச்சுவார்த்தையில் கொண்டுபோய் வைத்தேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் சங்கத்து ஆட்களும் முதலில் சிரித்தார்கள்.

நான் ஒரு தனியார் விமானக் கம்பெனியில் கோ-பைலட். ஏனாத்தூரில் எங்களுக்கு நிலம் இருந்தது. அங்கேயே காலேஜில் பிசிக்ஸ் படித்தேன். படித்து முடித்ததும் அந்த நிலத்தில் ஒரு துண்டு என் பைலட் லைசென்ஸாக மாறியது. அப்பா டவுனில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வீடு சின்னக் காஞ்சிபுரத்தில். புதுசு புதுசாக விமானக் கம்பெனிகள் முளைத்த காலம் அது. பேருந்துக்கு நிற்கிற மாதிரி ஜனங்கள் ஏர்போர்ட்டில் நிற்க ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு டக்கென்று வேலை கிடைத்தது.

தெருவில் என்னைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. பொண்ணு ஏரோப்ளேன் ஓட்டுது, மூட்டை மூட்டையாகக் கொண்டுவருது என்பது ஒன்று. இவ்வளவு வாங்கிக்கொண்டும் சங்கம் கிங்கம் என்று திரிகிறதே, கொழுப்பு என்பது இன்னொன்று. பக்கத்து வீட்டு அண்ணன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். ஒருநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் வாசலில் நின்றிருந்த என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க கம்பெனில சங்கம்னு வாயத் தொறந்தாலே கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சுடுவான். நீ ஏசில குந்திக்கினு கொடி புடிக்கிற. உனுக்கு இன்னாமா கொறச்சல்?"

"உன்ன வெளிய நிக்க வெச்சது தப்பா, நான் கொடி புடிக்கிறது தப்பா? மொதல்ல அத சொல்லுண்ணா."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

குறைச்சல் என்ன என்று உங்களுக்குச் சொல்கிறேன். எங்களுக்குச் சம்பளம் விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரைக்கும்தான். மூடுபனியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தால் அது சும்மா. அதனால்தான் பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதத்துக்கு இவ்வளவு மணி நேரத்துக்குக் காசு உண்டு என்று ஓர் உத்தரவாதம் வைத்திருந்தார்கள். நிர்வாகம் அதை வெட்டப் பார்த்தது. சங்கம் பேச்சுவார்த்தைக்குப் போனது இதற்காகத்தான்.

ஆனால் சண்டை வேறொரு இடத்தில் பற்றிக்கொண்டது. ஒரு பைலட் ஒரு நாளில் இவ்வளவு நேரம்தான் டூட்டி பார்க்கலாம் என்று சட்டம் இருக்கிறது. பனி, மழை என்று ஏதாவது எதிர்பாராமல் வந்து நேரம் தாண்டினால், கேப்டன் தானாக விரும்பி இன்னும் கொஞ்சம் நீட்டிக்கலாம். தன்னாலும் தன் கோ-பைலட்டாலும் முடியும் என்று அவருக்குத் தோன்ற வேண்டும். அவருக்குத் தோன்ற வேண்டும், கம்பெனிக்கு அல்ல. இதற்கு டிஸ்க்ரீஷன் என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரர் அவசரத்துக்கு ஏணி கேட்டால் கொடுப்போம் இல்லையா? எங்கள் கம்பெனி தினமும் வந்து கேட்காமலே ஏணியை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்திருந்தது.

அந்த நாளுக்கு வருகிறேன். குளிர்காலம். விடிவதற்கு முன்பே கிளம்பியவர்கள் டெல்லிப் பனியில் மாட்டிக்கொண்டோம். ஒரு வழியாகப் புறப்பட்டு ஹைதராபாத்தில் இறங்கும்போது என் மண்டைக்குள் பஞ்சு அடைத்திருந்தது. கீழேயிருந்து ரேடியோவில் உயரம் சொல்கிறார்கள், நான் வேறு உயரத்தைத் திருப்பிச் சொல்கிறேன். அவர்கள் திருத்துகிறார்கள். மறுபடியும் தப்பாகச் சொல்கிறேன். இடது இருக்கையிலிருந்த கேப்டன் சரியான எண்ணைச் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கேப்டன் அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். ஐம்பதைத் தொட்டுவிட்டார். விமானத்தைப் பற்றிப் பேசுவதைவிடப் பில்டர் காபியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். அன்றைக்கு எஞ்சினை அணைத்துவிட்டுச் சீட் பெல்ட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"உண்மைய சொல்லுமா. இன்னும் ஒரு செக்டர், மெட்ராஸ் வரைக்கும். உன்னால முடியுமா?"

"முடியாது சார்."

"சரி," என்றார். போனை எடுத்து ஆபரேஷன்ஸுக்குச் சொன்னார்: டூட்டி நேரம் முடிந்துவிட்டது, நீட்டிக்கப் போவதில்லை, வேறு ஆட்களை அனுப்புங்கள். அந்தப் பக்கத்தில் கத்துவது எனக்கே கேட்டது. பயணிகளிடமும் அவரே போய் நின்று சொன்னார். ஒருவர் அவர் சட்டையைப் பிடிக்காத குறை. "சம்பளம் ஏத்திக் கேட்டு எங்க உயிர எடுக்கறீங்களா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தன் கோ-பைலட்டுக்கு முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிக் கூட்டம் என் பக்கம் திரும்பியிருக்கும். அவர் சொல்லவில்லை.

அடுத்த வாரமே அவரைச் சஸ்பெண்டு செய்தார்கள். சோர்வு என்பது பொய், வரப்போகிற பேச்சுவார்த்தையில் நெருக்கடி கொடுக்கச் சங்கம் சொல்லி நிறுத்தினார் என்று குற்றச்சாட்டு. அது நிரூபணமானால் வேலை போகும், அந்த வயதில் வேறு எந்தக் கம்பெனியும் எடுக்காது. அந்தக் காக்பிட்டில் இருந்தது இரண்டே பேர். அவரை விட்டால் மிச்சம் நான்.

கோ-பைலட்டுகள் சார்பாகக் கமிட்டிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று சங்கத்தில் கேட்டபோது எல்லோரும் ஷூவைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

முதல் பேச்சுவார்த்தை ஏர்போர்ட் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்தது. எங்கள் பக்கம் ஆறு பேர். எதிர்ப்பக்கம் வடக்கேயிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி, எங்கள் எச்.ஆர். மேனேஜர், ஒரு வக்கீல். பேச்சு பெரும்பாலும் இங்கிலீஷில்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

காலை முழுக்க எரிபொருள் விலை, போட்டிக் கம்பெனி, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று ஓட்டினார்கள். எங்கள் கோரிக்கைக்கு வரும் நேரத்தில் "முதல்ல சாப்பிட்டுடலாமே" என்றார் எச்.ஆர். மேனேஜர். பக்கத்து ஹாலில் வரிசையாகப் பாத்திரங்கள். பிரியாணி, மீன், நான்கு வகை இனிப்பு, அதற்கு மேல் ஐஸ்கிரீம். மேனேஜர் தன் கையால் எங்கள் தலைவருக்குப் பரிமாறினார். எப்பேர்ப்பட்ட காற்றிலும் விமானத்தைக் கோடு போட்ட மாதிரி இறக்குகிற மீசைக்காரர்கள் எங்கள் ஆட்கள். பிரியாணிக்கு முன்னால் அப்படியே கரைந்தார்கள். நானும்தான் சாப்பிட்டேன். இரண்டு கிண்ணம் ஐஸ்கிரீம்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் பாதிப் பேருக்குக் கண் சொருகியது. அப்போது பார்த்து எடுத்துவிட்டார்கள். உத்தரவாத மணி நேரத்தைப் பற்றி யோசிக்கத் தயார், ஆனால் அந்தக் கேப்டன் விஷயத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், அது ஒழுங்கு நடவடிக்கை, சம்பளத்தோடு கலக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் இரண்டு தலைகள் ஆடின. காலையில் ஆடாத தலைகள்.

கார் நிறுத்தும் இடத்தில் நான் தலைவரிடம் வெடித்தேன். அவர் மதுரைக்காரர், ரிட்டயர்மென்டுக்குப் பக்கத்தில் இருப்பவர், யார் கத்தினாலும் முதலில் கேட்டுக்கொள்வார். அடுத்த முறை அவர்கள் சோற்றை யாரும் தொடக் கூடாது, பச்சைத் தண்ணீர்கூட நாமே கொண்டுபோக வேண்டும் என்றேன். கல்யாணப் பேச்சுப் பழக்கத்தையும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் என்னிடம் மாப்பிள்ளை யார் என்று கேட்டார். தலைவரும் சிரித்தார். ஆனால், "கை நனைக்கிறதுன்னா எங்க ஊர்லயும் தெரியும்மா. பார்ப்போம்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மாப்பிள்ளை என்றதும்தான் அடுத்தது ஞாபகம் வருகிறது.

அந்த வாரக் கடைசியில் எனக்கு லீவு. மாடியில் தலை காய வைத்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு பெரிய கார் வந்து நின்றது. எட்டிப் பார்த்தால் எங்கள் எச்.ஆர். மேனேஜர், பக்கத்தில் அவர் மனைவி, பட்டுப் புடவையில். மனைவி கையில் தாம்பாளம். ஆப்பிள், மாதுளை, ஸ்வீட் பெட்டி, பந்து பந்தாக மல்லி. காஞ்சிபுரத்துக்கு வந்தால் எப்படி வர வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாதிதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா ஏற்கெனவே ஒரு தரகரிடம் என் ஜாதகத்தைக் கொடுத்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, கார், பட்டுப் புடவை, தாம்பாளம். அவள் வேறு என்ன நினைப்பாள்? நான் துண்டை அவிழ்த்து முடியைக் கட்டிக்கொண்டு இறங்குவதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. தாம்பாளம் சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. கடையிலிருந்து அப்பாவை வரவழைத்தாகிவிட்டது. அடுப்பில் கேசரி. அந்த மல்லியில் ஒரு முழம் அம்மா தலையில்.

"பையன் இன்னா படிச்சிருக்காருங்க?" என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பையன்மா?"

"உங்க பையன்தான்."

மேனேஜர் மனைவியைப் பார்த்தார். "யூகேஜி படிக்கிறான்," என்றார்.

அம்மா முகத்தை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். மேனேஜர் மனைவிக்கு விஷயம் புரிந்து சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஹைதராபாத் சம்பவத்தைப் பற்றி இரண்டே வரி. அன்றைக்கு நான் நன்றாகத்தான் இருந்தேன், கேப்டன் என்னைக் கேட்காமலே விமானத்தை நிறுத்தினார் என்று. கீழே என் கையெழுத்துக்கு இடம்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி மேடம். அடுத்த கமாண்ட் பேட்ச்ல உங்க பேர் இருக்கும். நான் கேரண்டி."

கமாண்ட் என்றால் என்ன என்று அம்மா கேட்டாள். இப்போது என் தோள்பட்டையில் மூன்று தங்கக் கோடு, நான்கு கோடு ஆனால் கேப்டன், இடது பக்கத்து இருக்கை, எல்லாம் என் பொறுப்பு என்று நானே சொன்னேன். எனக்கு அந்த நாலாவது கோடு எவ்வளவு வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும். ஏனாத்தூர் நிலத்தை விற்கும்போது அப்பாவிடம் நான் காட்டிய ஆசையே அதுதான்.

"போட்டுட்டுப் போயேன்டி," என்றாள் அம்மா.

அப்பா கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே, "அந்த கேப்டனுக்குப் புள்ளகுட்டிங்க இருக்குதா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும் சார்."

அப்பா துணியை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் மேனேஜரிடம் சொன்னேன், முடியவில்லை என்று சொன்னதே நான்தான் என்று. அவர் பதறவில்லை. அப்படி நான் எழுதிக் கொடுத்தால் என் ரெக்கார்டில் ஒரு கறுப்புப் புள்ளி விழும், கமாண்ட் எப்போது என்று தன்னால் சொல்ல முடியாது, நிதானமாக யோசிக்கலாம் என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்குச் சுருக்கென்று ஏறியது.

சாமி படத்திடம் போய்த் தாம்பாளத்தை எடுத்தேன். ஆப்பிளை அடுக்கினேன், மாதுளையை அடுக்கினேன், ஸ்வீட் பெட்டியை மேலே வைத்தேன். அந்த அம்மாளுக்குக் குங்குமம் கொடுத்துவிட்டுத் தாம்பாளத்தையும் கையில் கொடுத்தேன். "எங்க ஊர்ல பேச்சு முடியாம இத வாங்க மாட்டோம்மா. தப்பா எடுத்துக்காதீங்க," என்றேன். கேசரி அடுப்பிலேயே இருந்தது. யாரும் கை நனைக்கவில்லை.

ஆனால் மல்லி? தலையில் வைத்த பூவைக் கழற்றித் திருப்பிக் கொடு என்று பெற்ற தாயிடம் யாரால் சொல்ல முடியும்? அது மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

தெருவே பார்த்தது. தாம்பாளத்தோடு உள்ளே போனவர்கள் தாம்பாளத்தோடே வெளியே வந்தார்கள். பொண்ணே கொண்டுவந்து கொடுத்தது. இன்றைக்கு வரைக்கும் எங்கள் தெருவில், நான் ஒரு பெரிய இடத்து மாப்பிள்ளையை வேண்டாம் என்று விரட்டியதாகத்தான் பேச்சு.

கார் திரும்பியதும் அம்மா ஆரம்பித்தாள். "எத்தினி ஊட்டுல பேசிக்கினு வந்திருக்கேன், ஒருத்தி தட்ட எடுத்து மூஞ்சிக்கு நேரா குடுத்ததில்ல. இனிமே எவன் வருவான் இந்தத் தெருவுக்கு?"

அவர்கள் மாப்பிள்ளை வீட்டார் இல்லையே என்றேன். அது தெருவுக்குத் தெரியுமா என்றாள். அப்படியானால் பொய்க் கையெழுத்துப் போட்டு அந்த மனுஷன் வேலையைப் பிடுங்கச் சொல்கிறாயா என்றேன். "நீ சொன்னாலும் சொல்லாட்டியும் அவங்க நெனச்சா தூக்கிடப் போறாங்க. உன் தலையில ஏன்டி நீயே மண்ண வாரிப் போட்டுக்கிற?" என்றாள். அவள் உப்புக் கணக்கை அவளுக்கே திருப்பிச் சொன்னேன். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். எங்கள் வீட்டில் அம்மா பேச்சை நிறுத்தினால் மிக்ஸி சத்தம் மட்டும் ஜாஸ்தியாகும்.

மறுநாளே ஆபீஸில் கதை பரவிவிட்டது. என் வீட்டில் பூவை வாங்கிக்கொண்டார்கள், பெண் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று மேனேஜர் யாரிடமோ சொல்லியிருக்கிறார். பழம் திரும்பியதைச் சொல்லவில்லை. சங்கத்து ஆட்களில் இரண்டு பேர் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். கேப்டன் வழக்கமாக ஏதாவது ஜோக் எஸ்.எம்.எஸ். அனுப்புவார், அதுவும் நின்றிருந்தது. எனக்கு உண்மையில் வலித்தது அதுதான்.

அடுத்த பேச்சுவார்த்தைக்கு முதல் நாள் தலைவர் போன் செய்தார். "என்னம்மா, தட்டு மாத்திட்டீங்கன்னு சொல்றாய்ங்க?"

"பழம் திரும்பிப் போயிடுச்சு சார். பூ மட்டும் எங்கம்மா தலையில மாட்டிக்கிச்சு."

நடந்ததை முழுக்கச் சொன்னேன். யூகேஜி வரைக்கும் வந்தபோது அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் குரலை மாற்றிக்கொண்டார்.

"ஒரு முழம் பூவையே கணக்குல எடுக்கறவய்ங்க, பிரியாணிய விடுவாய்ங்களா? நீ சொன்னபடியே செய்வோம். நாளைக்கு எவனும் அங்க கை நனைக்கக் கூடாது."

அன்றைக்கு நான் பேசியதை அம்மா சமையலறையிலிருந்து கேட்டிருக்க வேண்டும். படுக்கப் போகும் முன் கதவருகில் வந்து நின்றாள்.

"எத்தினி பேருடி நீங்க?"

"ஆறு பேரும்மா."

போய்விட்டாள். காலையில் நான் யூனிபார்மை மாட்டிக்கொண்டு வந்தபோது வாசலில் ஒரு பெரிய பை. உள்ளே மந்தாரை இலையில் கட்டிய பொட்டலங்கள். புளியோதரை, கோயில் இட்லி, ஆளுக்குத் தனித்தனியாகத் துவையல். ஒரு குடம் கொள்ளும் தண்ணீர் கேன் வேறு.

"அவன் பூவ நான் வெச்சுக்கினேன் இல்ல, அதுக்கு இதோட சரியாப் போச்சு. போ," என்றாள்.

அதே ஓட்டல், அதே ஹால். வழக்கம்போல எங்கள் கோரிக்கைக்கு வரும் நேரத்தில் மேனேஜர் எழுந்து சாப்பாட்டுக்குக் கை காட்டினார். எங்கள் தலைவர், நீங்கள் போய்ச் சாப்பிட்டு வாருங்கள், நாங்கள் கொண்டுவந்திருக்கிறோம் என்றார். ஆறு பேரும் கார் நிறுத்தும் இடத்துக்குப் போய் ஒரு புங்க மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்தோம். ஓட்டல் வாட்ச்மேன் நாற்காலி கொண்டுவரட்டுமா என்று கேட்டார். அவருக்கும் ஒரு இட்லி. மேனேஜர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இறங்கியே வந்தார்.

"அட்லீஸ்ட் ஒரு காபி, சார்?"

"முடிஞ்சதும்," என்றார் தலைவர், வாயில் புளியோதரையோடு.

நாங்கள் சீக்கிரமே திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டோம். அவர்கள் மூன்று பேர் மட்டும் அத்தனை பாத்திரங்களுக்கு நடுவே சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். இந்த முறை கண் சொருகியது வக்கீலுக்கு.

வடக்கத்திப் பெரியவர் பழைய இடத்திலிருந்தே தொடங்கினார். கேப்டன் விஷயம் தனி. சம்பவத்தின்போது உடனிருந்த கோ-பைலட்டின் வாக்குமூலம் விரைவில் வந்துவிடும், வந்ததும் அது முடிந்த கதை. இதைச் சொல்லும்போது நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நான்தான் அந்தக் கோ-பைலட் என்று அவருக்குத் தெரியாது. மேனேஜர் அவர் காதில் சொல்வதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

அந்தக் கோ-பைலட் நான்தான் என்றேன். டெல்லிப் பனி, காதில் விழுந்த உயரம், நான் தப்பாகத் திருப்பிச் சொன்ன உயரம், கேப்டன் கேட்ட கேள்வி, என் பதில், எல்லாவற்றையும் சொன்னேன்.

மேனேஜர் தமிழுக்கு மாறினார். "அப்ப நீங்க அன்ஃபிட்டுன்னு ஒத்துக்கறீங்களா மேடம்?"

"ஆமா சார். அன்னிக்கி மட்டும் இல்ல. இனிமே என்னிக்கெல்லாம் முடியலையோ அன்னிக்கெல்லாம் சொல்லுவேன். பின்னாடி அத்தன பேர் உக்காந்துக்கினு இருக்காங்க. அவர் தப்பு பண்ணாருன்னா என்னையும் சேத்து எழுதுங்க."

தலைவர் அந்த இடத்தை விடவில்லை. எங்கள் கோ-பைலட்டுகள் எல்லோரும் நாளையிலிருந்து இவளை மாதிரி உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் எத்தனை கேப்டன்களை வெளியே அனுப்புவீர்கள் என்று கேட்டார். டிஸ்க்ரீஷன் என்பது கேப்டன் கொடுப்பது, நீங்கள் எடுத்துக்கொள்வது அல்ல, இன்றிலிருந்து எந்தக் கேப்டனும் கொடுக்கமாட்டார், உங்கள் கால அட்டவணை அது இல்லாமல் ஒரு வாரம் ஓடுகிறதா பாருங்கள் என்றார். முதல் நாள் ஆடிய அந்த இரண்டு தலைகள் இப்போது கல்லாக இருந்தன. ஒருவர் என் பக்கம் திரும்பி, தண்ணீர் கேனிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி என் முன்னால் வைத்தார். மாப்பிள்ளை யார் என்று கேட்டவர் அவர்தான்.

அவர்கள் எழுந்து வெளியே போனார்கள், வந்தார்கள், மறுபடியும் போனார்கள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் பேப்பர் வந்தது. கேப்டனின் சஸ்பென்ஷன் ரத்து. டூட்டியை நீட்டிக்கச் சொல்லி இனி யாரும் போனில் நெருக்கக் கூடாது. உத்தரவாத மணி நேரத்தில் அவர்கள் வெட்ட நினைத்ததில் பாதியை வெட்டிக்கொண்டார்கள். அந்தப் பாதிக்காக இன்னும் சண்டை போட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. நானும் சொல்கிறேன். ஆனால் ஆளை விற்று மணி நேரத்தை வாங்கவில்லை.

கையெழுத்தானதும் தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "இப்ப சாப்பிடலாம்." போய்ப் பார்த்தால் எல்லாப் பாத்திரத்தையும் எடுத்துவிட்டார்கள். பிளாஸ்க்கில் ஆறிப்போன டீ மட்டும் இருந்தது. ஆளுக்கு அரை டம்ளர் குடித்தோம்.

பஸ்ஸில் காஞ்சிபுரம் வரும் வழியில் எஸ்.எம்.எஸ். வந்தது. கேப்டன். "அந்தப் பூ விஷயத்தை நம்பினதுக்கு ஸாரி. புளியோதரை எனக்கு எங்கே?" வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். "அவருக்கு வேற தனியா கட்டணுமா?" என்று முனகிக்கொண்டே புளியை ஊற வைத்தாள். இப்போதும் அவரோடு பறக்கும் நாட்களில், கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்: "எப்டி இருக்கமா?" நானும் உள்ளதைச் சொல்கிறேன்.

அந்த வருஷக் கமாண்ட் பேட்ச்சில் என் பெயர் இல்லை. மேனேஜர் என்னைப் பார்த்தால் இன்றும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார், ரொம்ப மரியாதையாக. அடுத்த பேட்ச்சிலும் இல்லை. நேற்று மறுபடியும் ஒரு பேட்ச் அறிவித்தார்கள்.

என் தோளில் இன்னும் மூன்று கோடுதான் இருக்கிறது.